தகவல் தொடர்பியல் படிக்க ஆசையா? முதலில் ஒரு கணக்குப் போடுவோம்



2022 ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அப்போ எங்க தெருவில் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு போனது. "கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சொன்னார்கள். ஆட்டோ வேகமாகப் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த எங்க பாட்டி என்னைப் பார்த்து, "லட்சம்ங்கிறானே, அது நம்ம கொல்லை வரைக்கும் வருமாடி, வராதா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டிக்குக் காது நல்லாவே கேட்டது. தமிழும் தெரியும். ஆனாலும் சேதி மட்டும் போய்ச் சேரவில்லை.

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது நம்ம வீட்டுக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம். லட்சம் கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் சுமார் இரண்டு லட்சம் குடம் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். இதை நான் பிறகுதான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் பாட்டி கேட்டது இதுவும் இல்லை. எங்கே வரும், எப்போ வரும், எங்கே போகணும் என்பதைத்தான் கேட்டார்கள்.

சொன்னது ஏன் புரியாமல் போகிறது, புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று படிப்பதற்கு ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. அதன் பெயர் தகவல் தொடர்பியல். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, நம்மைப் போன்ற ஊர்ப் பிள்ளைகள் அதைப் படிக்க எப்படித் திட்டம் போட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

இது டி.வி.யில் முகம் காட்டும் படிப்பு மட்டுமா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். செய்தி வாசிக்கலாம், சினிமாவுக்குப் போகலாம் என்று. அதுவும் அதில் உண்டு. ஆனால் அடிப்படை வேறு.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த ஹரால்டு லாஸ்வெல் என்ற அறிஞர், எந்தத் தகவலையும் ஐந்து கேள்வி கேட்டு ஆராயலாம் என்றார். யார் சொல்கிறார்? என்ன சொல்கிறார்? எதன் வழியாகச் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? அதனால் என்ன விளைவு? அதே 1948இல் கிளாடு ஷானன் என்ற கணித அறிஞர், தகவல் போகிற வழியில் புகுந்து கெடுக்கிற எல்லாவற்றுக்கும் 'இரைச்சல்' என்று பெயர் வைத்தார். அவர் தொலைபேசிக் கம்பியில் வரும் இரைச்சலை நினைத்துச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் புரியாத சொல்லையும் ஒரு வகை இரைச்சல் என்றே சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போ அந்த ஆட்டோ மைக்கை இந்த ஐந்து கேள்வியில் போட்டுப் பாருங்கள். யார் என்பது சரி. என்ன என்பதில் 'கன அடி' வந்து தடுக்கிறது. எதன் வழியாக என்பதில் ஆட்டோவின் வேகம் தடுக்கிறது. யாருக்கு என்பதை யாரும் யோசிக்கவே இல்லை. விளைவு? பாட்டி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

எதன் வழியாகச் சொல்கிறோம் என்பதில் மனிதருடைய மரியாதையும் சேர்ந்திருக்கிறது. அதே 2022 ஆகஸ்டில்தான், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அவர்கள், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்பு செய்வதற்காக ஒரு மனிதரைப் பறை அடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்க வைக்க வேண்டியதில்லை என்பதே காரணம். மைக் வந்தது நல்லதுதான். இனி அந்த மைக்கில் என்ன பேசுவது என்பதுதான் மிச்சம்.

நம்ம ஏலாக்குறிச்சியே ஒரு பாடம்

நமது திருமானூர் ஒன்றியத்தில் உள்ள ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல மாதா திருவிழாவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே தொண்டு செய்த வீரமாமுனிவர் (1680-1747) இத்தாலி நாட்டில் பிறந்தவர். தமிழ் கற்று 'தேம்பாவணி' எழுதினார். 1732இல் 'சதுரகராதி' தொகுத்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தை.

முன்பெல்லாம் எ, ஏ இரண்டும் ஒரே வடிவம். குறில் என்றால் மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போ 'எரி' என்று எழுதியிருக்கிறதா, 'ஏரி' என்று எழுதியிருக்கிறதா? நெருப்பா, தண்ணீரா? படிக்கிறவர் திணற வேண்டியதுதான். ஒ, ஓ என்ற எழுத்துகளிலும் இதே குழப்பம். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். குழப்பம் தீர்ந்தது.

எழுதுகிறவன் விட்ட ஒரு புள்ளியால் படிக்கிறவனுக்கு வரும் கஷ்டத்தை யோசித்தாரே, அதுதான் தகவல் தொடர்பியல். அந்தப் பெயரில் படிப்பு வருவதற்கு முன்னாலேயே நம்ம பக்கத்து ஊரில் இருந்த ஒருவர் இந்த வேலையைச் செய்துவிட்டார்!

படித்தால் என்ன வேலை செய்யலாம்?

பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், புகைப்படம், வடிவமைப்பு, எடிட்டிங் ஆகியவை எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனையிலும், வேளாண்மைத் துறையிலும், தொண்டு நிறுவனங்களிலும்கூட மக்களுக்குப் புரியும்படி எழுதவும் பேசவும் ஆள் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சமுதாய வானொலி. சின்ன நிலையம். சில கிலோமீட்டர் தூரம்தான் கேட்கும். ஆனால் அந்த ஊர் மக்களுக்காகவே பேசும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்தில் தொடங்கிய முதல் சமுதாய வானொலி அதுதான். பாம்பனில் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' என்ற நிலையம் 2016 ஆகஸ்டு 15இல் தொடங்கியது.

தெலங்கானாவில் மாச்சனூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் கிராமத்து தலித் பெண்கள். ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இருவரும் விதை, பயிர், மழை, திருவிழா பற்றியெல்லாம் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே நிகழ்ச்சி நடத்தினார்கள். கொள்ளிடக் கரைக்கும் அப்படி ஒரு குரல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எங்க தெரு அக்காவின் கதை

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எங்க தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பிளஸ் டூ முடித்துவிட்டு, ஒரு ஊரில் ஒரு வருட ஊடகப் படிப்பு படித்தார். கேமரா பிடிக்க, எடிட் பண்ண, மைக்கில் பேச எல்லாமே நன்றாகக் கற்றுக்கொண்டார். அடுத்து ஒரு கல்லூரிக்குப் போய், "நான் ஒரு வருஷம் படிச்சிட்டேன், இரண்டாம் வருஷத்துல சேர்த்துக்குங்க" என்று கேட்டார். அவர்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதுல பல்கலைக்கழகம் பேரே இல்லையேம்மா, முதல் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவோட அப்பா, "ஒரு வருஷப் பணமும் போச்சு. இன்னும் மூணு வருஷமா?" என்று கேட்டார். படிப்பு அதோடு நின்றது.

அக்காவின் திறமையில் குறை இல்லை. சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். "இந்த வருஷம் அடுத்த படிப்புல கணக்குல சேருமா?" என்பதே அந்தக் கேள்வி.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், கொஞ்ச காலத்தில் வேலைக்கான படிப்பைக் கொடுப்பதுதான் சமுதாயக் கல்லூரி. இந்த யோசனை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் ஆறே ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கியது. இன்று அமெரிக்காவில் இருக்கிற அரசு சமுதாயக் கல்லூரிகளில் அதுதான் மிகப் பழையது.

அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாலே 'அசோசியேட்' என்ற ஒரு பட்டம் உண்டு. அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மீதி இரண்டு வருடம் படித்து முழுப் பட்டம் வாங்கலாம். கலிபோர்னியா மாநிலத்தில் 2010இல் இதற்கு ஒரு சட்டமே போட்டார்கள். அதன்படி சமுதாயக் கல்லூரியில் 60 கிரெடிட், பல்கலைக்கழகத்தில் 60 கிரெடிட், மொத்தம் 120. முதலில் படித்தது வீணாகாது. அந்தப் பட்டியலில் தகவல் தொடர்பியலும் ஒன்று. மேடைப் பேச்சு அதில் கட்டாயப் பாடம். விவாதம், குழுவாகப் பேசுவது, ஒருவரோடு ஒருவர் உரையாடுவது ஆகிய பாடங்களும் உண்டு. நம்ம பக்கம் இந்தப் படிப்பை 'விஸ்காம்' என்று சொல்கிறோம். இங்கே கேமரா, வடிவமைப்பு, எடிட்டிங்தான் அதிகம்.

நம் நாட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் சென்னையில் ஒன்று தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற பாதிரியார் இதைப் பல ஊர்களுக்குப் பரப்பினார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும், வசதி இல்லாதவர்களுக்கும்தான் முதலிடம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, வேலைக்குத் தயாராவது என்று பாடத்தைப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி பெரும்பாலும் கொடுப்பது சான்றிதழ் அல்லது டிப்ளமோ. டிகிரி இல்லை. டிகிரியோடு அதை இணைக்க ஒரு பாலம் வேண்டும்.

அந்தப் பாலம் எது?

பல்கலைக்கழக மானியக் குழு 2014 பிப்ரவரியில் 'பி.வோக்.' என்ற தொழிற்கல்விப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. அது படிக்கட்டு மாதிரி. பிளஸ் டூ முடித்த பிறகு ஒரு வருடம் படித்தால் டிப்ளமோ, இரண்டு வருடம் படித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்று வருடம் படித்தால் பி.வோக். பட்டம். வீட்டுக் கஷ்டத்தால் இடையில் நின்றாலும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

கிரெடிட் என்பது படித்த நேரத்துக்குக் கொடுக்கும் அளவு. அந்த 2014 விதிப்படி, ஒரு மணி நேர வகுப்பு 14 அல்லது 15 சேர்ந்தால் ஒரு கிரெடிட். ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில் திறனுக்கு, 24 பொதுப் பாடத்துக்கு. மூன்று வருடத்தில் 180. கையில் தொழிலும் இருக்கும், மொழியும் பொது அறிவும் இருக்கும். 'எந்தப் பட்டமும் போதும்' என்று கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கு பி.வோக். பட்டமும் மற்றப் பட்டங்களுக்குச் சமம் என்று மானியக் குழு சொல்லியிருக்கிறது.

2021இல் 'கிரெடிட் வங்கி' என்ற முறையும் வந்தது. வங்கியில் பணம் போட்டு வைப்பது போல, அதில் சேர்ந்துள்ள கல்லூரியில் வாங்கிய கிரெடிட் நம் கணக்கில் ஏறும். அதிகபட்சம் ஏழு வருடம் வரை வைத்திருந்து, திரும்ப வந்து படிப்பைத் தொடரலாம். நடுவில் கல்யாணம் ஆகிவிட்டது என்று படிப்பை விட்ட அக்காக்களுக்கு இது ரொம்ப உபயோகம்.

திட்டம் நிலையாக இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டது. அதனால் சேருகிற வருடத்தில் என்ன விதி என்று நேரில் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

நம்ம கணக்கைப் போடுவோமா?

ஊருக்குப் போகிறவர்கள் கடைசியில் இறங்க வேண்டிய ஊரை முதலில் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறோம். அதுபோலப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும்.

1. கடைசியில் நான் என்ன வேலை செய்ய வேண்டும்? பட்டம் கேட்கும் அரசு வேலைத் தேர்வு எழுத வேண்டும் என்றால் டிகிரி அவசியம். ஸ்டுடியோ, எடிட்டிங் வேலைக்கு டிப்ளமோவே போதும்.

2. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? கல்லூரி வாசலில் உள்ள போர்டைப் பார்த்தால் போதாது. போன வருடம் முடித்த ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

3. இந்த ஒரு வருடம் அடுத்த படிப்பில் சேருமா? "சேரும்" என்று வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. கட்டணம் எவ்வளவு? கேமரா, கம்ப்யூட்டர் கல்லூரியில் இருக்கிறதா, நாமே வாங்க வேண்டுமா? அங்கே தினமும் போய்வர பஸ் இருக்கிறதா, விடுதியில் தங்க வேண்டுமா?

5. உதவித்தொகை கிடைக்குமா? 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பட்டப்படிப்புக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. ஆனால் அங்கீகாரம் இல்லாத நிறுவனத்திலோ தொலைதூரக் கல்வியிலோ சேர்ந்தால் கிடைக்காது. 2ஆம் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று இப்போ புரிகிறதா?

தகவல் தொடர்பியல் படிக்கப் பிளஸ் டூவில் பெரும்பாலும் எந்தக் குரூப் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். சில கல்லூரிகளில் தனி நிபந்தனை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். திருச்சியில் தூய வளனார் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி போன்ற இடங்களில் விஸ்காம் பட்டப்படிப்பு உண்டு. முழுப் பட்டப்படிப்பிலேயே நேராகச் சேர முடிகிறவர்கள் அப்படியும் சேரலாம். முடியாதவர்கள் படிக்கட்டு வழியாக ஏறலாம். ஏறுகிற படி நடுவில் உடைந்திருக்கக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதே என்ன செய்யலாம்?

நாம் ஒன்பதாவதுதான் படிக்கிறோம். காலம் இருக்கிறது. காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வாய்ப்பு வந்தால் ஓடி ஒளியாமல் வாசிக்கலாம். இந்தச் சுவர் இதழுக்கு எழுதலாம். வீட்டுக்கு வருகிற அரசு நோட்டீஸை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லலாம். அவர்கள் எந்த இடத்தில் "என்னது?" என்று கேட்கிறார்களோ, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் இரைச்சல் இருக்கிறது.

நானும் ஒரு முயற்சி செய்தேன். அந்த ஆட்டோ அறிவிப்பை இந்த ஐந்து கேள்வியையும் வைத்து மாற்றி எழுதினேன். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆத்துல தண்ணி கரை வரைக்கும் ஏறும். ஆத்தோரத் தெருவுல இருக்கிறவங்க பொழுது சாயறதுக்குள்ள ஆடு மாட்டோட பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க. வயசானவங்களைக் கூட்டிட்டு வர ஆள் வரும்" என்று பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மொதல்ல ஆட்டை அவுத்திருப்பேனே" என்றார்கள்.

அதனால்தான் நான் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். படியை எண்ணி, கணக்குப் போட்டு, சரியாக ஏறுவேன். உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால் என்னோடு சேர்ந்துகொள்ளுங்கள். கட்டுரையில் பிழை இருந்தால் ஆசிரியர்கள் மன்னித்துத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி